மண் தின்றவன் பகிடிக்கு ஒரு திருத்தம்

உங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, தொழிலில் கற்ற பாடங்களை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். ஓய்வுபெற்ற பொறியியலாளர்களிடம் இப்படிக் கேட்பது ஒரு சம்பிரதாயம். கேட்கப்பட்டவர் நாலு வெற்றிகளையும், வெற்றியைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு சின்னத் தோல்வியையும் எழுதி, கழுத்துப்பட்டி கட்டிய படமொன்றையும் சேர்த்து அனுப்புவார். நீங்கள் படிக்காமல் அச்சிடுவீர்கள். நானும் அப்படி மூன்று பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

உங்களில் பலர் என் பயிற்சி வகுப்புகளில் இருந்திருக்கிறீர்கள். நான் அங்கே வழக்கமாகச் சொல்லும் ஒரு பகிடி உண்டு. உறைநிலத்தில் விமான ஓடுபாதை அமைக்கப் போனோம், நிலம் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னால் எங்கள் உதவியாளர் ஒருவர் கருவியை விட்டுவிட்டு மண்ணை எடுத்து வாயில் போட்டார், முகாமில் மத்தியானச் சாப்பாடு அவ்வளவு மோசம் என்பேன். நீங்கள் சிரிப்பீர்கள். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டு, “நாக்கு ஓர் அளவுகருவி அல்ல” என்பேன். அதைக் குறித்துக்கொள்வீர்கள்.

அந்தப் பகிடிக்கு இது திருத்தம். மண் தின்றவரின் பெயர் தவராசா. இந்தக் கட்டுரையில் வேறு எவருக்கும் பெயர் இல்லை. அவருக்கு மட்டும் கொடுக்கிறேன், ஏனென்றால் அதைக் கெடுத்தவன் நான்.

புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. வடதுருவத்தை அண்டிய ஊர்களில் நிலம் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். அந்த நிலத்தின் மேல் ஓடுபாதை போடுவதில் முதல் வேலை, விமானத்தின் பாரத்தைத் தாங்குவது அல்ல. கீழே உள்ள குளிரை வெளியே போகவிடாமல் வைத்திருப்பது. குளிர் போனால் கல்லாயிருந்த மண் கூழாகும், ஓடுபாதை தொட்டிலாகும். இந்த வேலைக்கு ஆலோசனை சொன்ன நாங்கள் இருந்ததோ லண்டனில். விரற்கடை பனி விழுந்தால் நான் குடியிருந்த சட்டன் புறநகரில் ரயில் நின்றுவிடும். நின்ற ரயிலுக்குள் உட்கார்ந்து, உறைநிலத்தைப் பற்றி அறிக்கை திருத்திய நிபுணன் நான். களத்தில் சேர்ந்தாற்போல் ஒரு வாரத்துக்கு மேல் இருந்ததே இல்லை.

எனக்குத் தொழில் சொல்லித்தந்த பிரிவுத் தலைவர் ஓர் ஆங்கிலேயர். அதிகம் பேசாதவர். அவரிடம் ஒரு விதி இருந்தது: நிலத்தைத் துளையிடுகிறவன் தன் குறிப்பேட்டில் எதை எழுதினாலும் அது அறிக்கையில் வரவேண்டும், ஒரு சொல்லும் மாறாமல். ஒருமுறை துளையிட்டவன் ஒருவன், மண்ணின் தன்மை என்ற இடத்தில் ஒரு கெட்ட வார்த்தையை எழுதியிருந்தான். நான் அதை வெட்டிவிட்டு “மாறுபடும் தன்மை” என்று நாகரிகமாகப் போட்டேன். தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

“அந்த மனிதன் ஏன் கோபப்பட்டான் என்று கேட்டாயா?”

கேட்கவில்லை. அவரே தொலைபேசியில் கேட்டார். துளைக்கும் கருவி ஓரிடத்தில் சடாரென்று விழுந்ததாம், பிறகு அசையவே இல்லையாம். அவன் பயந்துபோய்த் திட்டியிருக்கிறான். மறுபடி துளைத்தபோது அங்கே ஆளுயரத்துக்குச் சுத்தமான பனிக்கட்டி இருந்தது. அதன் மேல் எதையும் கட்டியிருக்க முடியாது. அறிக்கையில் அந்தக் கெட்ட வார்த்தை அப்படியே போயிற்று. வாடிக்கையாளர் முறைப்பாடு செய்தார். தலைவர் பதிலே எழுதவில்லை.

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்று நான் சொல்ல முடியாது என்பதற்காக இதை எழுதுகிறேன். அவர் ஓய்வுபெற்றார். அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். விதி அவரோடு வீட்டுக்குப் போய்விட்டது.

தவராசாவை நிறுவனத்துக்குக் கொண்டுவந்தவனும் நான்தான். அவர் நோர்வேயின் வடக்குக் கரையில் மீன் தொழிற்சாலையிலும் பிறகு வீதிப் பராமரிப்பிலும் பல வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்தவர். கோயிலில் ஒருவர் அறிமுகப்படுத்தினார். குளிரில் கைவேலை செய்யக்கூடிய ஆள் எங்களுக்குக் கிடைப்பதில்லை, எடுத்தோம். ஆனால் நான் அவரிடம் கேட்ட முதற்கேள்வி குளிரைப் பற்றியது அல்ல.

“எந்தப் பள்ளிக்கூடம்?”

“பத்தாம் வகுப்போடை சரி அண்ணை. பிறகு நாடுதான் படிப்பிச்சது” என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. வெள்ளைக்காரர் முன்னிலையில் அவர் என்னை “அண்ணை” என்று கூப்பிடுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. தன் ஆளைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான் என்று அவர்கள் நினைப்பார்களே என்ற பயம். அந்தப் பயத்தில் மற்றவர்களிடம் ஒருமுறை பார்க்கும் வேலையை அவரிடம் மூன்றுமுறை பார்த்தேன். இதை நான் நேர்மை என்று அழைத்துக்கொண்டேன். நம்மவரில் பெரிய பதவிக்கு வந்த பலருக்கு இந்த நோய் உண்டு. உங்களுக்கும் வரும். வரும்போது அது நேர்மையின் உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் வரும்.

இனி அந்த வேலை. கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். தெருவழி கிடையாது, விமானம்தான் வழி. கடல் உருகும் கோடையில் மட்டும் எப்போதாவது ஒரு படகு. பழைய ஓடுபாதையை நீட்டவேண்டும். ஒன்பது இடத்தில் துளையிட்டோம். ஏழாவது துளை கடலுக்குக் கிட்ட. கூடாரத்துக்குள் நான், தவராசா, துளையிடும் குழுவின் மேற்பார்வையாளர். நாலு மீற்றர் ஆழத்திலிருந்து மண் உருளை மேலே வந்தது. வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே மூன்று பாகை என்று காட்டியது. அந்தக் குளிரில் அந்த மண் தட்டினால் கல்லைப் போல ஒலிக்கவேண்டும். தவராசா தட்டிப் பார்த்தார். பெருவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது.

கத்தியால் ஒரு துண்டைச் சீவி நாக்கில் வைத்தார். துப்பினார்.

“அண்ணை, உப்பு. நல்லாக் கரிக்குது. இது முந்திக் கடலாக் கிடந்த இடம்.”

மேற்பார்வையாளர் விழுந்து விழுந்து சிரித்தார். “உங்கள் ஆள் சாப்பிடுகிறார்!” என்றார் என்னிடம். ‘உங்கள் ஆள்.’ எனக்குக் காது சூடானது.

“இந்தாங்கோ, நீங்களும் ஒருக்கா வைச்சுப் பாருங்கோ” என்று தவராசா கத்தி முனையை என் பக்கம் நீட்டினார்.

“விசர் வேலை பாக்காதையும். வெப்பமானி என்ன சொல்லுதோ அதை எழுதும்.”

“வெப்பமானி பிழை சொல்லேல்லை அண்ணை. குளிர் இருக்கு, உறையேல்லை. உப்புத் தண்ணி உந்தக் குளிருக்கு முழுக்க உறையாது. நோர்வேயிலை மீன் பெட்டிக்குள்ளை ஒவ்வொரு நாளும் பாத்தனான்.”

அவர் சொன்னது பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். அந்தப் பக்கத்தை நான் படித்துப் பரீட்சையில் சித்தியடைந்திருக்கிறேன். என் தகப்பனார் ஒரு காணி வாங்கப் போனால், உறுதிப் பத்திரத்தைப் பார்க்குமுன் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்ப்பார். கூடாரத்தில் இருந்த மூவரில் அந்தச் செய்கையின் அர்த்தம் தெரிந்தவர்கள் இருவர். அதில் ஒருவன் மற்றவரைப் பார்த்து விசர் என்றான்.

தவராசா எழுதத்தான் செய்தார். களக் குறிப்பேட்டில், கடைசிக் கட்டத்தில், அவருடைய குண்டு எழுத்தில்: பெருவிரல் அமிழ்கிறது, நாக்கில் உப்பு.

லண்டனில் அந்தக் குறிப்பேட்டை அறிக்கைக்காக ஒழுங்குபடுத்தி எழுதியது நான். சரளைக் கல்லைக் கொண்டுபோகும் கப்பல் அந்த ஊருக்குக் கோடையில் ஒருமுறைதான் போகும். கல்லின் அளவை அந்த வாரத்துக்குள் சொல்லவேண்டும். உப்பு என்று எழுதினால் மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். உண்மை என்று வந்தால் அடித்தளத்தை இன்னும் தடிப்பாக்கவேண்டும், கப்பல் தவறும், ஒரு வருடம் போகும். எங்கள் பணிப்பாளர் மேசைக்கு வந்து, “எல்லாம் உறைந்திருக்கிறது தானே?” என்று கேட்டார். அவர் கேட்டது கேள்வி அல்ல. அந்த மாதம் என் பதவி உயர்வுக் கோப்பு அவருடைய அறையில் இருந்தது.

“எல்லாத் துளையிலும் பூச்சியத்துக்குக் கீழே” என்றேன்.

இந்தப் பதிலின் அழகைக் கவனியுங்கள். அதில் ஒரு பொய்கூட இல்லை. படித்தவன் பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லை, அதற்குத்தான் படிப்பு. ஏழாம் துளைக்கு நேரே “உறைந்த களிமண்” என்று எழுதினேன். கடைசிக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். “பொறியியல் தீர்ப்பு” என்று ஒன்று உண்டென்று உங்களுக்கு வகுப்பெடுக்கிறார்களே, நானும் எடுத்தேனே, அது பெரும்பாலும் இதுதான். மேலதிகாரி விரும்பும் பதிலை நம் சொந்த முடிவாக மாற்றும் வித்தை.

ஓடுபாதை இரண்டு கோடை தாங்கியது. எனக்குப் பதவி உயர்வும் ஒரு கண்ணாடிப் பலகை விருதும் கிடைத்தன. மூன்றாவது கோடையில் ஏழாம் துளை இருந்த இடம் இறங்கியது. ஒரு சின்ன விமானம் தரையிறங்கும்போது முன்சக்கரம் குழிக்குள் போய் முறிந்தது. விமானியின் விலா எலும்புகள் உடைந்தன. எவரும் சாகவில்லை, அது என் கெட்டித்தனம் அல்ல. அந்தக் கோடை முழுவதும் ஓடுபாதையை மூடினார்கள். மருத்துவமனைக்குப் போகவேண்டியவர்கள் படகுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை.

நிறுவனத்துக்குள் ஒரு விசாரணை நடந்தது. நீண்ட மேசை, பிஸ்கட், தேநீர். களத்தில் ஏதாவது அறிகுறி தென்பட்டதா என்று கேட்டார்கள். நான் கொடுத்த எழுத்துமூலப் பதிலில் ஒரு வசனம் இருந்தது: “ஏழாம் துளை தொடர்பான உதவியாளரின் களப்பதிவுகள் நம்பத்தக்கவையாக இருக்கவில்லை.” அந்த வசனத்துக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொண்டேன். முதலில் ‘பிழையானவை’ என்று போட்டு, பிறகு மாற்றினேன். பிழை என்றால் காட்டு என்பார்கள். நம்பத்தக்கவை அல்ல என்றால் எவரும் எதையும் காட்டவேண்டியதில்லை.

தவராசாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். லிப்டுக்கு முன்னால் என்னை மறித்தார்.

“அண்ணை, நான் எழுதினனான் தானே?”

“என்னத்தை?”

“உப்பெண்டு. உங்களுக்கு முன்னாலை எழுதினனான். என்ட குறிப்புக் கொப்பியை எடுத்துக் காட்டுங்கோவன்.”

“கொப்பி காணேல்லை.”

அவர் என் தோற்பையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கொப்பி அந்தப் பைக்குள்தான் இருந்தது. லிப்ட் வந்தது. “சரி சேர்” என்றார். அதுவரை அவர் என்னைச் சேர் என்று கூப்பிட்டதே இல்லை. நான் அவ்வளவு நாளும் விரும்பிய மரியாதை அப்படித்தான் கிடைத்தது.

பிறகு அந்தப் பகிடி பிறந்தது. முதலில் ஒரு விருந்தில் சொன்னேன், சிரித்தார்கள். வகுப்பில் சொன்னேன், இன்னும் சிரித்தார்கள். ஒரு மனிதனைப் பகிடியாக்கிவிட்டால் அவன் சொன்னதை எவரும் விசாரிக்கமாட்டார்கள். கடந்த மாரியில் லண்டன் நோர்பரியில் நடந்த உங்கள் கூட்டத்திலும் சொன்னேன். முடிந்ததும் இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண் பொறியியலாளர் என்னிடம் வந்தாள். அவள் பேசியது முழுக்க ஆங்கிலம். ‘அங்கிள்’ என்று அவள் அழைத்ததில் மட்டும் தமிழ் இருந்தது.

“அங்கிள், அந்த மண் உண்மையிலேயே உப்பாக இருந்ததா?”

இத்தனை வருடத்தில், இத்தனை வகுப்பில், இதை ஒருவரும் கேட்டதில்லை. எல்லோரும் பட்டம் பெற்றவர்கள்.

“அதற்குப் பரிசோதனை செய்யப்படவில்லை” என்றேன்.

“நான் அதைக் கேட்கவில்லையே” என்றாள். நான் குளிரங்கியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தவராசா எங்கே இருக்கிறார் என்று எனக்கு எப்போதும் தெரியும். லண்டனில் ஒரு யாழ்ப்பாணத்தான் இன்னொருவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், அவன் தேடவில்லை என்று அர்த்தம். கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில் இருக்கிறார். கடைகளுக்குக் குளிரறை திருத்தும் சொந்தத் தொழில். கொப்பியை அதே தோற்பையில் வைத்துக்கொண்டு போனேன். ஒரு தமிழ் மீன்கடையின் பின்புறம் வேலையில் இருக்கிறார் என்றார்கள். குளிரறைக்குள் முழந்தாளில் இருந்தார். தரை நடுவில் புடைத்து வெடித்திருந்தது.

“எஞ்சினியரோ? உள்ளை வந்து கதவைச் சாத்துங்கோ, குளிர் போகுது.”

சாத்தினேன்.

“பாருங்கோ, தரைக்குக் கீழை சூடு போடாமல் கட்டியிருக்கிறாங்கள். அடியிலை ஈரம் உறைஞ்சு தள்ளுது. ஆரோ படிச்ச ஆள்தான் செய்திருக்கவேணும்.”

கொப்பியை நீட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். தேடாமலே அந்தப் பக்கத்தைத் திறந்தார்.

“காணேல்லை எண்டனீங்கள்.”

“பொய் சொன்னனான்.”

“தெரியும். பைக்குள்ளை வைச்சுக்கொண்டு சொன்னனீங்கள்.” பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “ஒண்டு கேக்கவேணும். அண்டைக்கு நான் நீட்டேக்கை நீங்கள் வாயிலை வைக்கேல்லை. பிறகாவது வைச்சுப் பாத்தனீங்களோ?”

இதை என் மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை. அன்று அவர்கள் இருவரும் சாப்பிடப் போனபின் நான் கூடாரத்துக்குத் திரும்பிப் போனேன். உருளையிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். பிறகு பனியால் வாயைக் கழுவிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போனேன்.

“ஓம்” என்றேன்.

“எப்பிடி இருந்தது?”

“உப்பு.”

குளிரூட்டியின் மோட்டார் நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது. தவராசா சிரித்தார். நல்ல சிரிப்பு அல்ல.

“நான் இவ்வளவு காலமும் உங்களை ஒரு மொக்கன் எண்டு நினைச்சனான். படிச்ச மொக்கன். விளங்காமல் செய்துபோட்டுது மனிசன், போகட்டும் எண்டு மனிசிக்கும் சொல்லி, கோயில்லை தேங்காயும் உடைச்சு மன்னிச்சுவிட்டனான். இப்ப அதைத் திருப்பி எடுக்கிறன். தேங்காய் போனது போனதுதான்.”

நான் மன்னிப்பு என்று ஏதோ தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“உந்தக் கதை வேண்டாம். என்ட மருமோனும் எஞ்சினியர். உங்கட சங்கத்திலைதான் இருக்கிறான். ஒருநாள் வகுப்பாலை வந்து, மாமா, மண் திண்ட ஒருத்தன்ட பகிடி கேளுங்கோ எண்டு சொன்னான். மேசையிலை எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சனான். நான்தான் அந்த ஆள் எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

கொப்பியைத் திருப்பித் தந்தார்.

“இது எனக்குத் தேவையில்லை. இதிலை என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியும். தெரியாத ஆக்களிட்டைக் காட்டுங்கோ. ஏலுமெண்டால்.”

பிறகு தரையைத் தட்டத் தொடங்கினார். வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

அந்தப் பக்கத்தின் படிகளை நிறுவனத்துக்கும், எனக்குப் பட்டயம் தந்த தொழிற்சபைக்கும் அனுப்பிவிட்டேன், நான் என்ன செய்தேன் என்ற கடிதத்தோடு. நிறுவனம் ‘கிடைத்தது’ என்று ஒருவரி எழுதியது. சபை விசாரிக்கும் என்கிறது. பட்டயத்தைப் பறித்தால் பறிக்கட்டும். கண்ணாடிப் பலகையைக் குப்பையில் போடப் போனேன், அது மறுசுழற்சிக்கு ஏற்காத வகையாம். இன்னும் வீட்டில்தான் கிடக்கிறது.

தவராசாவின் மருமகனுக்கு: தம்பி, நீர் யார் என்று நான் விசாரிக்கவில்லை. அன்று மேசையில் நீர் சொன்ன பகிடி என்னுடையது. இதைப் படித்தபின் உம்முடைய மாமாவிடம் என்ன சொல்வது என்பதை நீரே தீர்மானித்துக்கொள்ளும். என்னிடம் ஆலோசனை கேட்கவேண்டாம்.

மற்றவர்களுக்குப் பாடம் என்று தனியாக எதையும் எழுதப்போவதில்லை. என் படத்துக்கென ஒதுக்கிய இடத்தில் குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை அச்சிடுங்கள். தவராசாவின் எழுத்துக்குக் கீழே, இந்த வாரம், என் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

ஏழாம் துளை. நாலு மீற்றர். சாம்பல் நிறக் களி. பெருவிரல் அமிழ்கிறது. நாக்கில் உப்பு. பார்த்தவர்: தவராசா.

சரி. அன்றே நானும் பார்த்தேன்.